தொழுவம் விருந்தறை ஆன கதை

இத்தாலியில் தஸ்கனிப் பக்கத்துப் பழைய பண்ணை வீடுகளில் தங்கப் போனால், பல நேரம் கீழ்த்தளத்தில்தான் அறை கிடைக்கும். தடித்த கல் சுவர், தலைக்கு மேலே செங்கல் வளைவு. சுவரோரம் நீளமாக ஒரு தொட்டி இருந்து, அதில் பூச்செடி வளர்த்திருந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். அது மாட்டுக்காடி. இன்று கட்டில் கிடக்கும் இடத்தில் அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன் உழவு மாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.

இந்தப் பண்ணைத் தங்கலுக்கு இத்தாலியர் வைத்த பெயர் அக்ரித்துரிஸ்மோ. வேளாண்மை, சுற்றுலா இரண்டுக்குமான சொற்களை ஒட்டவைத்த பெயர். இன்று அந்த நாட்டில் 25,000க்கும் மேற்பட்ட பண்ணைகள் இப்படி விருந்தினரை ஏற்கின்றன. சுற்றுலா வியாபாரிகள் யாரோ யோசித்துக் கண்டுபிடித்தது என்றுதான் எவருக்கும் தோன்றும். உண்மையில் இது பிறந்தது ஆள் இல்லாமல் பூட்டிக்கிடந்த வீடுகளில்.

தஸ்கனி, உம்பிரியா, மார்க்கே மலைச்சரிவுகளில் இடைக்காலம் தொட்டு நடந்தது வாரச் சாகுபடி. அவர்கள் மொழியில் மெட்ஸாத்ரியா. அந்தப் பெயருக்குள்ளேயே 'பாதி' இருக்கிறது. கோதுமையோ ஒலிவ எண்ணெயோ திராட்சை மதுவோ, விளைந்ததில் பாதி நிலக்காரருக்கு, பாதி உழுத குடும்பத்துக்கு. ஒரு குடும்பத்தின் கைகள் எவ்வளவு நிலத்தைக் கவனிக்க முடியுமோ அவ்வளவுதான் கொடுப்பார்கள். நிலத்தின் நடுவே ஒரு வீடு. அதுவும் நிலக்காரருடையது. வீட்டில் கல்யாணம் என்றாலும் அவர் சம்மதம் வேண்டும். கெடு முடிந்து வெளியேறச் சொன்னால் சட்டி பானையோடு கிளம்ப வேண்டும். இன்று நாம் படமெடுத்து மகிழும் அந்த வீடுகளில் குடியிருந்தவர்கள், தங்கள் பெயரில் ஒரு செங்கல்லும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். இதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

வீட்டை மட்டும் அக்கறையோடு கட்டினார்கள். 1765 முதல் 1790 வரை தஸ்கனியை ஆண்ட பியேத்ரோ லியோபோல்தோ காலத்தில் இதற்கு ஒரு ஒழுங்கே வந்தது. உழவர் வீட்டை எப்படிக் கட்டுவது என்பதைப் பற்றி மட்டுமே ஃபெர்தினாந்தோ மொரோட்ஸி 1770இல் ஃபிளாரன்ஸில் ஒரு நூல் வெளியிட்டார். கீழே தொழுவம், மேலே அடுக்களையும் படுக்கையறைகளும், வெளிப்பக்கமாக ஏறும் படிக்கட்டு, உச்சியில் புறாமாடம். குளிர்காலத்தில் கீழே படுத்திருக்கும் மாடுகளின் உடற்சூடு மேலே ஏறி வீட்டாரைக் காக்கும். பசு நடுச்சாமத்தில் கன்று ஈனத் தொடங்கினால் படுக்கையிலேயே குரல் கேட்கும். மனிதரும் விலங்கும் ஒரே கூரையைப் பங்கிட்டுக்கொண்ட அந்த அமைப்புதான் எனக்கு இந்தக் கதையின் உயிர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிராக்டர் வந்தது. பிராத்தோ போன்ற ஊர்களின் ஆலைகள் மாதச் சம்பளம் கொடுத்து ஆட்களை அழைத்தன. 1964ஆம் ஆண்டின் 756ஆம் எண் சட்டம், புதிதாக வார ஒப்பந்தம் போடவே கூடாது என்று தடுத்தது. நியாயமான சட்டம், தாமதமாக வந்தது. அதற்குள் பல வீடுகள் காலி. ஓடு சரிந்தது, காடி காய்ந்தது. ஏர் இழுத்த வெள்ளைக் கியானீனா மாடுகளுக்கு வேலை போய் இறைச்சிக்கு மட்டும் என்றானது. கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை கட்டியது போன்ற சிந்தா செனேசே பன்றி அழிவின் விளிம்புக்குப் போனது. சியெனா நகர மாளிகையில் அம்புரோஜோ லொரென்செத்தி 1338–39இல் தீட்டிய சுவரோவியத்தில் ஓர் உழவர் ஓட்டிவருவது இந்தப் பன்றியைத்தான்.

இந்த நிலையில்தான் 1965இல் அக்ரித்துரிஸ்த் என்ற சங்கம் தொடங்கியது. நகரத்தார் பண்ணையில் வந்து தங்கட்டும், அந்த வருமானத்தில் உழவர் நிலத்திலேயே இருக்கட்டும் என்பதுதான் எண்ணம். இருபது ஆண்டுகள் கழித்து, 1985 டிசம்பர் 5 அன்று, நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. விவசாயம்தான் முதல் தொழில், விருந்தோம்பல் அதற்குத் துணை என்று அது வரையறுத்தது. விருந்தினருக்கென்று புதுக்கட்டடம் எழுப்பிக்கொண்டே போக முடியாது. நிலத்தில் ஏற்கெனவே நிற்கும் கட்டடங்களைத்தான் பயன்படுத்த வேண்டும். தொழுவங்கள் அறைகளாக மாறியது இதனால்தான். 2006இல் சட்டத்தைத் திருத்தி எழுதியபோதும் அந்த அடிப்படை மாறவில்லை. எது முதல் தொழில் என்பதை முக்கியமாக உழைக்கும் நேரத்தை வைத்தே பார்க்கிறார்கள். பத்து பேருக்கு மிகாமல் தங்கவைத்தால் விவசாயமே முதன்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

உலகில் சுற்றுலாவுக்காக எழுதப்பட்ட சட்டங்களில் இதை மிக நல்லவற்றுள் ஒன்றாக நான் மதிக்கிறேன். வயல் இல்லாத வீடு அக்ரித்துரிஸ்மோ என்ற பெயரை வைத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் அங்கே வாசலுக்கு வந்து கையை முகரும் ஆடும், தோளில் சிலுவைபோல் கறுப்புக் கோடும் காலில் வரிகளும் கொண்ட அமியாத்தா கழுதையும் காட்சிக்கு வைத்த பொம்மைகளாக இல்லை. அந்த வீட்டுக்கு நமக்கு முன்பே வந்தவை அவை. புழங்கிப் பழகியதால் நெருங்கி வருகின்றன.

இத்தாலிக்குப் போகிறவர்கள் இப்படி ஒரு வீட்டில் இரண்டு இரவாவது தங்குங்கள். அறை பதிவு செய்யும்போது நீச்சல்குளம் உண்டா என்று கேட்பதற்கு முன், நிலத்தில் என்ன விளைகிறது, காலையில் எத்தனை மணிக்குத் தீவனம் வைப்பார்கள், கூட வரலாமா என்று கேளுங்கள்.