25 கோடி டாலர் 42 கோடி ஆன கதை

காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு 'சங்க் காஸ்ட்' தெரிந்திருக்கும். செலவழித்து முடித்த பணத்தை அடுத்த முடிவு எடுக்கும்போது கணக்கில் சேர்க்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். பரீட்சையில் 5 மார்க். ஆனால் இன்னும் செலவே செய்யாத பணம்கூட சில சமயம் திரும்பப் பெற முடியாத பணமாகிவிடும். அமெரிக்காவில் ஒரு அனல் மின் நிலையத்தில் அப்படித்தான் நடந்தது.

நியூ ஹாம்ப்ஷயர் ஒரு குட்டி மாநிலம். மக்கள்தொகை 13, 14 லட்சம்தான். அங்கே மெரிமாக் ஆற்றங்கரையில் போ என்ற ஊரில் (ஆமாம், ஊர் பெயரே 'போ') மெரிமாக் அனல் மின் நிலையம் இருந்தது. 1960லும் 1968லும் தொடங்கிய இரண்டு யூனிட்டுகள், சேர்த்து சுமார் 440 மெகாவாட். அப்போதைய உரிமையாளர் பிஎஸ்என்ஹெச் என்ற மின் நிறுவனம்.

நிலக்கரிப் புகையில் கந்தக டை ஆக்சைடு மட்டும் இல்லை, பாதரசமும் உண்டு. அது ஏரிகளில் இறங்கி, மீனில் சேர்ந்து, மனிதருக்கு வருகிறது. இதைத் தடுக்க 2006ல் மாநில சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. 2013 ஜூலை 1க்குள் பாதரசத்தை 80 சதவீதம் குறைக்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் அதில் ஒரு விசேஷம். எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதோடு நிற்காமல், எந்தக் கருவியால் குறைக்க வேண்டும் என்றும் எழுதிவிட்டார்கள். கருவி 'வெட் ஸ்க்ரப்பர்'. புகையை சுண்ணாம்புக்கல் கரைசலால் குளிப்பாட்டினால் கந்தகம் ஜிப்சமாக மாறிக் கீழே தங்கிவிடும், பாதரசத்திலும் பெரும்பகுதி அதோடு போய்விடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். செலவு 25 கோடி டாலரைத் தாண்டாது என்று சட்டமன்ற உறுப்பினர்களிடம் சொல்லப்பட்டது.

2008ல் நிறுவனம் புது மதிப்பீட்டை வெளியிட்டது. 45 கோடியே 70 லட்சம் டாலர்!

ஏன் ஏறியது? நிறுவனம் சொன்ன காரணங்கள் பொய் இல்லை. இரும்பு விலை உலகம் முழுவதும் ஏறியிருந்த காலம் அது. அதோடு 2005ல் மத்திய அரசின் காற்று மாசு விதி ஒன்று வந்ததால், அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் பல மின் நிலையங்கள் ஒரே நேரத்தில் ஸ்க்ரப்பருக்கு ஆர்டர் கொடுத்தன. இதைக் கட்டத் தெரிந்த கம்பெனிகள் கொஞ்சம், கேட்பவர்கள் அதிகம். முகூர்த்த நாளில் கல்யாண மண்டபம் தேடுவது போல. இதோடு பழைய கட்டடத்துக்கே உரிய சிக்கல். புது நிலையம் கட்டும்போதே ஸ்க்ரப்பருக்கு இடம் விட்டுவிடலாம். பழைய நிலையத்தில் சேர்ப்பது தாத்தா கட்டிய ஓட்டு வீட்டுக்குள் அட்டாச்டு பாத்ரூம் வைக்கிற மாதிரி. குழாய் எங்கே போகும், கழிவுநீர் எங்கே போகும் என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் செலவு. மெரிமாக்கில் கழிவுநீரை ஆற்றில் விடுவது பிரச்சினையாகி, அதைச் சுத்திகரிக்கவே இன்னொரு அமைப்பு கட்ட வேண்டியதாயிற்று.

இந்தக் கட்டத்தில் பெரிய கட்டுமானம் எதுவும் தொடங்கியிருக்கவில்லை. அதாவது பாடப்புத்தகப்படி 'இன்னும் வேண்டுமா?' என்று கேட்க சரியான நேரம். மாநிலத்தின் கட்டண ஒழுங்குமுறை ஆணையம் விசாரிக்கத் தொடங்கியது. ஆனால் இந்தத் திட்டம் பொதுநலனுக்கானது என்று சட்டமே சொல்லிவிட்டதால் அதைக் கேட்க எங்களுக்கு அதிகாரமில்லை என்று முடித்துக்கொண்டது. ஸ்டோனிஃபீல்டு ஃபார்ம் என்ற தயிர் கம்பெனியும் வேறு சில மின் வாடிக்கையாளர்களும் மேல்முறையீடு செய்தார்கள். வழக்குத் தொடர உங்களுக்குத் தகுதி இல்லை என்று 2009ல் மாநில உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கேள்வி சரியா தவறா என்ற இடத்துக்கே வழக்கு போகவில்லை.

(நம் நாட்டில் இதற்கு நேர் எதிர். 2015 டிசம்பரில் இங்கும் கந்தக விதி வந்தது. கெடு 2 வருடம். பிறகு அதைத் தள்ளித் தள்ளியே வந்து, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். அங்கே யாரும் கேள்வி கேட்க முடியவில்லை, இங்கே கேள்வி முடியவே இல்லை.)

2011 செப்டம்பரில் ஸ்க்ரப்பர் ஓடத் தொடங்கியது. மொத்தச் செலவு சுமார் 42 கோடியே 20 லட்சம். பட்ஜெட்டுக்குள் முடித்துவிட்டோம் என்று நிறுவனம் பெருமைப்பட்டுக்கொண்டது! 45.7 கோடியோடு ஒப்பிட்டால் ஃபேவரபிள் வேரியன்ஸ், 25 கோடியோடு ஒப்பிட்டால் அட்வர்ஸ். எந்த பட்ஜெட் என்று யாராவது கேட்டால்தானே.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கருவி நன்றாகவே வேலை செய்தது. கந்தகம் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது, பாதரசமும் சட்டம் கேட்ட அளவு குறைந்தது. தோற்றது கணக்கு மட்டும்தான். 2008 ஜூலையில் அமெரிக்காவில் இயற்கை எரிவாயு பத்து லட்சம் பிடியு 13 டாலர் வரை போயிருந்தது. 2012 ஏப்ரலில் 2 டாலருக்கும் கீழே. எரிவாயு மின்சாரம் மலிவானதும் மெரிமாக் வருடத்தில் பெரும்பகுதி சும்மா கிடந்தது. 2012 ஏப்ரலில் ஸ்க்ரப்பருக்காக யூனிட்டுக்கு 0.98 சென்ட் தற்காலிகக் கட்டணம் சேர்ந்தது. அந்த மாநிலத்தில் வேறு நிறுவனத்திடம் மின்சாரம் வாங்க அனுமதி உண்டு. பெரிய தொழிற்சாலைகள் முதலில் ஓடின. மிஞ்சிய வீடுகளும் சிறு கடைகளும்தான் அந்தச் சுமையைத் தாங்கின.

கடைசியில் 2015ல் சமரசம். மின் நிலையங்களை விற்றுவிடுவது, நிறுவனம் 2.5 கோடி டாலரை விட்டுக்கொடுப்பது, மீதி நஷ்டத்தை எல்லா வாடிக்கையாளர்களிடமும் வசூலிப்பது. 42 கோடி போட்ட இடத்தில் 2.5 கோடிதான் நிறுவனத்தின் பங்கு என்பது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. 2018 ஜனவரியில் கிரானைட் ஷோர் பவர் என்ற கம்பெனி மெரிமாக்கோடு நியூயிங்டன், ஷில்லர் நிலையங்களையும் சேர்த்து 17.5 கோடி டாலருக்கு வாங்கியது. மூன்று நிலையங்களின் விலை ஒரு ஸ்க்ரப்பர் விலையில் பாதிகூட இல்லை. விற்ற பிறகும் மிஞ்சிய பழைய செலவுகளை அடைக்க, அதே ஆண்டு மே மாதம் 63 கோடி டாலருக்கு மேல் கடன் பத்திரம் வெளியிட்டார்கள்.

2028க்குள் நிலக்கரியை நிறுத்துவதாக 2024 மார்ச்சில் புது உரிமையாளர் அறிவித்தார். அவ்வளவு காலம்கூட ஆகவில்லை, 2025லேயே நின்றுவிட்டது. கடன் பத்திரத்தின் தவணை மட்டும் இன்னும் மாதாமாதம் மின் கட்டண ரசீதில் வந்துகொண்டிருக்கிறது.