மதிலில் ஒளிந்த கோயில்

மட்டக்களப்பு வாவியின் புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை அமைத்தனர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், அதே கீழைக்கரையில், திருகோணமலையிலும் அவர்கள் ஒரு கோட்டையை எழுப்பியிருந்தனர். தளபதி கொன்ஸ்தாந்தீனு த சாவின் காலத்தில் இடித்தழிக்கப்பட்ட கோணேசர் கோயிலின் கற்களே அதற்குப் பயன்பட்டன. வாயிற்புறத்தில் காணப்படும் இணைக்கயற் சின்னமும் தமிழ்க் கல்வெட்டும் இதற்குச் சான்றாகும்.

அழிவின் எச்சங்களைக் கொண்டு கட்டுதல் உலகிற்குப் புதிதன்று. 1871ஆம் ஆண்டின் பெருந்தீயில் உருகி இறுகிய கல், இரும்பு, கண்ணாடி ஆகியவற்றைக் கொண்டு சிக்காகோ நகரில் ஒரு விந்தையான வீடு கட்டப்பட்டது. அங்கு எச்சங்களைத் திரட்டியோர் அந்நகரத்தவர். ஆதலின் அவ்வீடு அழிவை மறைக்கவில்லை, காட்சிப்படுத்தியது. திருகோணமலையிலோ அழித்தோரே எச்சங்களை எடுத்தாண்டனர். செதுக்கிய கல் அருகிலேயே கிடைத்தமை கோட்டை வேலையை எளிதாக்கியது. வழிபாட்டிடத்தின் கல் படையரணாக மாறியமை ஆட்சி மாற்றத்தையும் பறைசாற்றியது.

1950இல் திருகோணமலையில் கிணறு தோண்டியபோது, புதைத்துக் காக்கப்பட்ட வெண்கலத் திருமேனிகள் வெளிப்பட்டன. ஆட்சியாளர் மதிலில் பதித்ததையும் மக்கள் மண்ணில் மறைத்ததையும் நாம் ஒருங்கே வாசித்தல் வேண்டும். அக்கோட்டையை ஐரோப்பியக் கட்டிடக்கலை என்று மட்டும் பதிவுசெய்தல், அக்கோயிலை மீண்டுமொருமுறை இடிப்பதற்கு ஒப்பாகும் என்பதே எமது துணிபு.