உள்வலைக்கு ஒரு பெயர்: 28 ஆண்டுத் தாமதம்

செகந்திராபாத் மாரெட்பள்ளியில் ஒரு தணிக்கையாளர் அலுவலகம், தன் கட்டடத்துக்குள் மட்டும் இயங்கும் சர்வர் ஒன்றை நிறுவுகிறது என்று கொள்வோம். அதற்கு எண் முகவரி தருவதில் ஐயமே எழாது, 192.168 எனத் தொடங்கும் ஒன்றைத் தந்துவிடுவர். டொமைன் பெயர் வைக்கும்போதுதான் தயக்கம். இவ்வேறுபாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு.

1996 பிப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 1918 என்னும் ஆவணம், சில எண் தொகுதிகளை உள்வலைகளுக்கென்றே ஒதுக்கியது. பெயர்களுக்கு அத்தகைய ஒதுக்கீடு இல்லை. 1999இல் .டெஸ்ட், .எக்சாம்பிள் முதலிய நான்கு ஒதுக்கப்பட்டன. அவை சோதனைக்கும் விளக்கத்துக்கும் உரியவை. எனவே நிர்வாகிகள் .கார்ப், .ஹோம், .லோக்கல் என மனம்போன பெயர்களை வைத்தனர். புறம்போக்கில் வீடு கட்டிய கதைதான்: பட்டா இல்லை, கேட்பாரும் இல்லை.

2012இல் கேட்பார் வந்தனர். இணையப் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பு புதிய மேல்நிலைப் பெயர்களுக்கு விண்ணப்பம் கோரியபோது, .கார்ப், .ஹோம், .மெயில் ஆகியவற்றையும் சில நிறுவனங்கள் கேட்டன. அலுவலக மடிக்கணினி வெளியூர் விடுதியின் வைஃபையில் இணைந்தாலும் பழக்கப்படி அதே உட்பெயரைத் தேடும். பொது இணையத்தில் அப்பெயர் இல்லாதவரை, இல்லை என்ற விடை வரும். எவரேனும் அதை வாங்கிவிட்டால் விடை அவரிடமிருந்து வரும். கடவுச்சொல் சார்ந்த தரவும் அவரைச் சென்றடையலாம். இது வீண் அச்சமன்று. கார்ப்.காம் என்னும் பெயரை மைக்ரோசாஃப்ட் 2020இல் ஒரு தனிநபரிடமிருந்து விலைகொடுத்து வாங்கியது இவ்வகை ஆபத்தைக் கருதியே.

2016 நவம்பரில் ஐகானின் 57ஆம் கூட்டம் ஹைதராபாத்திலேயே நடைபெற்றது. அப்போதும் அம்மூன்று பெயர்களும் நிலுவையில்தான் இருந்தன. 2018 பிப்ரவரியில்தான் அவற்றை எவருக்கும் தருவதில்லை என ஐகான் வாரியம் தீர்மானித்தது. அவ்வாண்டே வீட்டு வலைகளுக்கு ஹோம்.அர்ப்பா ஒதுக்கப்பட்டது, நாவில் ஒட்டாத பெயர் என்பேன். 2024 ஜூலையில் .இன்டர்னல் உள்வலைகளுக்கென நிலையாக ஒதுக்கப்பட்டது. எண்ணுக்கு 1996இலேயே கிடைத்த பட்டா பெயருக்கு அன்றுதான் கிடைத்தது.

பலர் இன்றும் விரும்பும் .லோக்கல், 2013 முதல் வேறொரு பணிக்குரியது: அச்சுப்பொறி போன்ற கருவிகள் இடையில் சர்வர் இன்றித் தாமே ஒன்றையொன்று கண்டறிவதற்கு. அதை அலுவலகத்துக்கு வைத்தால் சில கணினிகள் சர்வரைக் கேளாமலே தேடித் திணறும். .இன்டர்னலுக்கும் ஒரு குறை உண்டு. பொதுச் சான்றளிப்பு நிறுவனங்கள் அதற்குப் பாதுகாப்புச் சான்றிதழ் தருவதில்லை. அது வேண்டுவோர், தாம் கட்டணம் கட்டிப் பதிந்த .இன் பெயரின்கீழ் ஒரு கிளைப்பெயரை உள்வலைக்கு வைத்துக்கொள்கின்றனர்.