மின்சார வாகனங்களுக்கு சாலை வரி: சலுகை முடிஞ்சா எவ்வளவு கட்டணும்? எது நியாயம்?

ஷோரூமுக்குப் போய் மின்சார ஸ்கூட்டருக்கு கொட்டேஷன் கேட்டால், 'ரோடு டாக்ஸ்' கட்டத்துக்கு எதிரே பூஜ்யம் போட்டுத் தருவாங்க. தமிழ்நாட்டில் சில வருடங்களாக இதுதான் நடைமுறை. 2023-ல் வெளியான தமிழ்நாடு மின்சார வாகனக் கொள்கையில் இந்த 100 சதவீத வரிவிலக்குக்கு எழுதப்பட்டிருக்கும் கடைசி தேதி 2025 டிசம்பர் 31. அதற்கு முன்பு 2022 டிசம்பர் 31 என்று இருந்ததைத்தான் இப்படி நீட்டித்தார்கள். இனியும் நீட்டிக்கலாம். ஆனால் எந்தச் சலுகையும் நிரந்தரம் இல்லை. அந்தப் பூஜ்யம் போகும் நாளில் அங்கே என்ன தொகை வரும், அது நியாயமான தொகையாக இருக்குமா என்பதுதான் வண்டி வாங்க நினைக்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில், எந்தப் பணம் யாருக்குப் போகுது?

பலர் சாலை வரியையும் பதிவுக் கட்டணத்தையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. சாலை வரி மாநில அரசுடையது. அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 57-வது இனமாக வாகன வரி இருப்பதால், விகிதத்தை ஒவ்வொரு மாநிலமும் தானே வைத்துக்கொள்ளும். தனியார் பயன்பாட்டு பைக், காருக்கு வாங்கும்போதே 'ஆயுள் வரி'யாக மொத்தமாக வாங்கிவிடுவார்கள்.

பதிவுக் கட்டணம் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி வருவது. புது பைக்குக்கு ₹300, காருக்கு ₹600. தொகை சின்னதுதான். ஆனால் 15 வருடம் கழித்து ஆர்.சி. புதுப்பிக்கும்போது பைக்குக்கு ₹1,000, காருக்கு ₹5,000 ஆகிவிடும். 2021 ஆகஸ்ட் 2-ம் தேதி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கைப்படி, பேட்டரி வாகனங்களுக்கு ஆர்.சி. வழங்குவது, புதுப்பிப்பது, புதிய பதிவு எண் ஒதுக்குவது ஆகிய மூன்றுக்கும் கட்டணம் கிடையாது. இது நாடு முழுக்கப் பொருந்தும், மாநிலத்தின் வரிச் சலுகையோடு சம்பந்தம் இல்லாதது. மாநிலம் நாளைக்கே சாலை வரியைக் கொண்டுவந்தாலும் இந்த விலக்கு தொடரும்.

கவனிங்க, அந்த அறிவிக்கையில் இருப்பது மூன்று விஷயம்தான். லோன் போட்டு வாங்கினால் அதை ஆர்.சி.யில் பதிவதற்கான கட்டணம், பிறகு வண்டியை விற்றால் பெயர் மாற்றக் கட்டணம் எல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் 'மின்சார வண்டிக்கு ஆர்.டி.ஓ. செலவே கிடையாது' என்று யாராவது சொன்னால் முழுசா நம்பிட வேண்டாம். அதேபோல, வரி பூஜ்யம் என்று காட்டிவிட்டு 'ஹேண்ட்லிங் சார்ஜ்', 'ஆர்.டி.ஓ. செலவு' என்ற பெயரில் சில ஆயிரம் சேர்த்திருந்தால், அரசுக்குக் கட்டிய ரசீதைக் கேளுங்க. ஆன்லைனில் கட்டப்படும் ஒவ்வொரு கட்டணத்துக்கும் ரசீது உண்டு.

இதற்கு நடுவில் இன்னொரு வகையும் இருக்கிறது. மோட்டார் திறன் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே, பேட்டரி இல்லாமல் எடை 60 கிலோவுக்கு மிகாமல் இருக்கும் ஸ்கூட்டர்கள், விதிப்படி மோட்டார் வாகனமே இல்லை. பதிவும் வேண்டாம், வரியும் வேண்டாம்.

சலுகை இல்லையென்றால் எவ்வளவு வரும்?

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள் வரி மாற்றி அமைக்கப்பட்டது. ஒரு லட்சம் ரூபாய் வரையிலான பைக்குக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். காரில் ₹5 லட்சம் வரை 12, ₹5 முதல் 10 லட்சம் வரை 13, ₹10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேலே 20 சதவீதம்.

இப்போது ஒரே தெருவில் இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தர் ₹90,000-க்கு பெட்ரோல் ஸ்கூட்டர் வாங்குகிறார். வரி 10 சதவீதம், அதாவது ₹9,000. பக்கத்து வீட்டுக்காரர் ₹1,20,000-க்கு மின்சார ஸ்கூட்டர் வாங்குகிறார். சலுகை இல்லாமல் இதே அட்டவணை அவருக்கும் பொருந்தினால் 12 சதவீதம், ₹14,400. ஓட்டுவது அதே ரோடு, அதே மேடு பள்ளம். பேட்டரி விலையால் வண்டி விலை கூடியது, கூடியதால் வரி விகிதமும் ஒரு படி ஏறியது.

காரில் இந்த இடைவெளி இன்னும் பெரிசு. ஒரு காரின் பெட்ரோல் மாடல் ₹9 லட்சம், மின்சார மாடல் ₹14 லட்சம் என்று வைத்துக்கொண்டால், முதலாவதுக்கு ₹1,17,000 வரி. இரண்டாவதுக்கு ₹2,52,000. இரண்டு மடங்குக்கும் மேல். புகை விடாத வண்டிக்கு இரட்டை வரி என்றால் யார் ஷோரூம் பக்கம் போவாங்க?

அதோடு 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான பெட்ரோல் பைக்குகளுக்கும் சின்ன பெட்ரோல் கார்களுக்கும் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. மின்சார வாகனத்துக்கு 2019 ஆகஸ்டிலிருந்தே 5 சதவீதம்தான், அதில் மாற்றமில்லை. அதனால் பெட்ரோல் வண்டிகளின் விலை இறங்கியிருக்கும் நேரத்தில் சாலை வரிச் சலுகையும் போனால் அடி இரண்டு பக்கமும் விழும்.

அப்படின்னா காலத்துக்கும் வரி வேண்டாமா?

இங்கேதான் அரசின் தரப்பையும் நேர்மையாகப் பார்க்கணும். சாலைக்காக நாம் கட்டும் பணத்தில் பெரிய பங்கு அந்த ஆயுள் வரியில் இல்லை, பெட்ரோல் பங்கில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கான வாட், 13 சதவீதமும் அதோடு லிட்டருக்கு ₹11.52-ம். லிட்டர் ₹101 என்று வைத்தால் அதில் சுமார் ₹22 மாநில அரசுக்குப் போகிறது. மத்திய அரசின் கலால் வரி தனி.

தினமும் 30 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓடும் ஸ்கூட்டர் வருடத்துக்கு 9,000 கிலோமீட்டர் போகும். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால் 200 லிட்டர். வாட் மட்டும் ₹4,300-க்கு மேல். மேலே சொன்ன பெட்ரோல் ஸ்கூட்டர்காரர் ஆயுளுக்கும் சேர்த்துக் கட்டிய ₹9,000-ஐ, சுமார் இரண்டு வருடத்தில் பங்கிலேயே மறுபடியும் கட்டிவிடுகிறார். தெரியாமலேயே கட்டுகிறார், அதுதான் இந்த வரியின் சாமர்த்தியம்.

மின்சார வண்டிக்காரர் இதைக் கட்டுவதில்லை. வீட்டு கரண்ட் பில், பொது சார்ஜிங் நிலையத்தில் ஜி.எஸ்.டி., தேசிய நெடுஞ்சாலையில் டோல் எல்லாம் கட்டுகிறார். 'ஒண்ணுமே கட்டலை' என்பது தப்பு. ஆனால் அவை பெட்ரோல் வாட்டுக்கு ஈடாகாது. நூற்றில் ஐந்து வண்டி இப்படி இருக்கும்போது கஜானா தாங்கும். ஐம்பது வண்டி ஆனால் சாலைப் பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி வரும்.

இன்னொன்று, ₹40 லட்சம் மின்சார கார் வாங்குகிறவருக்கு பூஜ்ய வரி என்றால் அவருக்கு மிச்சமாவது ₹8 லட்சம். டவுன் பஸ்ஸில் போகிறவருக்கு இந்தச் சலுகையில் ஒரு பைசா கிடையாது. கர்நாடகம் இதைப் பார்த்துத்தான் 2024-ல் ₹25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்சார கார்களுக்கு 10 சதவீத ஆயுள் வரி கொண்டுவந்தது. கேரளம் 2025 ஏப்ரலில் இருந்து ₹15 லட்சம் வரை 5, ₹20 லட்சம் வரை 8, அதற்கு மேல் 10 சதவீதம் வாங்குகிறது. மகாராஷ்டிரம் ₹30 லட்சத்துக்கு மேல் 6 சதவீதம் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்து, பிறகு திரும்பப் பெற்றது. தெலங்கானா 2026 கடைசி வரை முழு விலக்கு.

எடை அதிகம், ரோடு தேயும் என்கிறார்களே?

பேட்டரியால் மின்சார கார் கனம் கூடுதல், அதனால் அதிக வரி என்ற வாதம் அடிக்கடி வருகிறது. சாலைப் பொறியியலில் ஒரு தோராய விதி உண்டு: அச்சில் விழும் எடை இரண்டு மடங்கானால் தேய்மானம் 16 மடங்கு ஆகும். இதே கணக்கில், அச்சுக்கு முக்கால் டன் எடையுள்ள காரோடு ஒப்பிட்டால், அச்சுக்கு 10 டன் ஏற்றிய லாரி முப்பதாயிரம் மடங்குக்கு மேல் தேய்க்கிறது. காரில் ஒரு முன்னூறு கிலோ கூடுவதெல்லாம் இதற்கு முன்னால் தூசு. ஸ்கூட்டரைப் பற்றிப் பேசவே வேண்டாம். எடையை வைத்து வரி கேட்பதென்றால் அதை லாரியிடம் இருந்து தொடங்குவதுதான் முறை.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைப் பாருங்கள். 2023 செப்டம்பர் முதல் அங்கே மின்சார காரை முதல்முறை பதிய 400 டாலர், பிறகு வருடா வருடம் 200 டாலர் கூடுதல். பெட்ரோல் வரிக்கு ஈடு என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். ஆனால் கணக்குப் போட்டால் வேறு மாதிரி வருகிறது. வருடம் 12,000 மைல், கேலனுக்கு 30 மைல் ஓடும் பெட்ரோல் கார் 400 கேலன் போடும். டெக்சாஸ் வரி கேலனுக்கு 20 சென்ட், மத்திய வரி 18.4 சென்ட். இரண்டும் சேர்ந்தே சுமார் 154 டாலர்தான். வாரத்துக்கு ஒருமுறை கடைக்குப் போக மட்டும் காரை எடுக்கும் பெரியவரும் அதே 200 டாலர் கட்டணும். சமமாக்கப் போய் தண்டனையாக்கிய கதை இது.

நியூசிலாந்து தூரத்தை வைத்து வாங்குகிறது. 2024 ஏப்ரல் முதல் மின்சார கார்களுக்கு 1,000 கிலோமீட்டருக்கு 76 நியூசிலாந்து டாலர். மொபைல் ரீசார்ஜ் மாதிரி முன்கூட்டியே கிலோமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளணும். பிரிட்டனில் 2025 ஏப்ரலில் இருந்து மின்சார கார்களுக்கும் வருட வரி வந்துவிட்டது, 2028 ஏப்ரல் முதல் மைலுக்கு 3 பென்ஸ் வாங்கப் போவதாகவும் அறிவித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமும் கிலோமீட்டர் கட்டணம் போட்டது. அப்படி வரி விதிக்க மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2023 அக்டோபரில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

இங்கே எது நடக்கும்?

ஓடும் தூரத்துக்கு வரி என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்ம ஊரில் மீட்டரை யார் பார்ப்பது? பிரிட்டனில் மூன்று வருடம் தாண்டிய காருக்கு வருடாந்திர சோதனை இருக்கிறது. இங்கே தனியார் கார், பைக்குக்கு 15 வருடம் கழித்துத்தான் தகுதிச் சான்று. புகைச் சான்று எடுக்கப் போகும்போது பார்க்கலாம் என்றால், மின்சார வண்டிக்கு அதுவும் தேவையில்லை. இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது பார்ப்பது ஒன்றுதான் வழி, ஆனால் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடும் பைக்குகள் எத்தனை என்று எல்லோருக்கும் தெரியும். தவிர, கிலோமீட்டர் வரி வந்தால் முதலில் மாட்டுவது தினமும் நூறு கிலோமீட்டர் ஓடி சாப்பாடு டெலிவரி செய்கிற பையன். அவன் கடன் வாங்கி மின்சார ஸ்கூட்டர் எடுத்ததே பெட்ரோல் காசை மிச்சம் பிடிக்கத்தான்.

அதனால் இப்போதைக்கு நடைமுறையில் செய்யக்கூடியது விலையுயர்ந்த கார்களுக்கு விலக்கை நிறுத்துவது. ஸ்கூட்டர், ஆட்டோ, சின்ன கார்களுக்கு வரி வந்தே ஆகணும் என்றால், அதே வகை பெட்ரோல் வண்டி கட்டும் தொகைக்கு மேலே போகாதபடி தனி அட்டவணை போடணும். இருக்கும் 10, 12, 13, 18 அட்டவணையை அப்படியே எடுத்து மின்சார வண்டியின் தலையில் வைப்பது கணக்குத் தெரியாத வேலை.

வாங்கப் போகிறவர்கள் என்ன பார்க்கணும்?

சாலை வரி வசூலாவது பதிவின்போது. அதனால் முன்பணம் கட்டிய தேதியை நம்பி இருக்காதீங்க. சலுகையின் கடைசி வாரத்தில் புக் செய்து, வண்டி வந்து பதிவாக அடுத்த மாதம் ஆனால், அன்றைக்கு என்ன உத்தரவு இருக்கிறதோ அதுதான். டெலிவரி தள்ளிப்போய் வரி கூடினால் யார் ஏற்பது என்பதை டீலரிடம் புக்கிங் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

வேலை நிமித்தமாக பெங்களூரு, கொச்சி போகிறவர்களுக்கும் ஒரு விஷயம். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்யணும். அப்போது அந்த மாநிலத்தின் வரி பொருந்தும். சென்னையில் பூஜ்யத்துக்கு எடுத்த காருக்கு கொச்சியில் பில் வரும்.