மொரீசியசில் தொழிலாளர் எழுச்சியும் வாக்குரிமை விரிவும் (1936 - 1959)

முன்னுரை

குடவோலை முறையைக் குறித்துப் பேசும் ஆய்வுகள் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை மக்களாட்சி மரபின் சான்றாக எடுத்துக்காட்டுவது வழக்கம். முதலாம் பராந்தகன் காலத்திய (பொ.ஆ. 919, 921) இக்கல்வெட்டுகள், யார் தேர்ந்தெடுக்கப்படலாம் என்பதோடு யார் விலக்கப்படுவர் என்பதையும் வரையறுக்கின்றன. கால் வேலி இறை நிலமும் சொந்த மனையில் வீடும் உடைமைத் தகுதிகள். வேதமும் பாடியமும் கற்றவருக்கு அரைக்கால் வேலி நிலமே போதும். அதாவது, கல்வி உடைமையின் குறையை ஈடுசெய்தது. நிலத்தில் உழைத்தோர் இவ்வெல்லைக்கு வெளியே நின்றனர். உடைமை, கல்வி, உழைப்பு ஆகிய மூன்றுக்கும் ஆட்சியுரிமைக்கும் இடையிலான இதே சிக்கல், தமிழர் கூலிகளாகச் சென்று குடியேறிய மொரீசியசுத் தீவில் இருபதாம் நூற்றாண்டில் எவ்வாறு வெளிப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒப்பந்தக் கூலி முறையும் வாக்குரிமையும்

1834 முதல் 1910 வரை ஏறத்தாழ நான்கரை இலட்சம் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக மொரீசியசின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களை அனுப்பியதில் கல்கத்தாவுக்கு அடுத்த இடம் சென்னைத் துறைமுகத்துக்கு உரியது. ஒரு நாள் வேலைக்கு வராவிடில் இரு நாள் கூலியைப் பிடித்தம் செய்யும் ‘இரட்டை வெட்டு’ முறை அவர்களது நிலையை உணர்த்தும். 1885ஆம் ஆண்டு அரசியலமைப்பு, சொத்தும் வருமானமும் உடையோர்க்கே வாக்குரிமை அளித்தது. மக்கள்தொகையில் மூன்றில் இரு பங்கினர் இந்திய வம்சாவளியினராக இருந்தும், சட்டமன்றத்துக்கு முதன்முதலாக இந்தியர் இருவர் தேர்ந்தெடுக்கப்பட்டது 1926இல்தான்.

1937, 1943 எழுச்சிகள்

1936இல் மருத்துவர் மொரீஸ் கியூரே தொழிற்கட்சியைத் தொடங்கினார். மறு ஆண்டு, ‘உபா’ வகைக் கரும்புக்கான விலையை ஆலைகள் குறைத்தபோது சிறு பயிர்செய்வோரும் தோட்டத் தொழிலாளரும் கிளர்ந்தெழுந்தனர். ஆகஸ்டு 13 அன்று யூனியன் பிளாக் தோட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஹூப்பர் ஆணையத்தின் விசாரணையைத் தொடர்ந்து 1938இல் தொழிலாளர் துறையும், தொழிலாளர் சங்கம் அமைக்க வழிவிடும் சட்டமும் வந்தன. ஆயினும் அதே ஆண்டு துறைமுக வேலைநிறுத்தத்தின்போது எம்மானுவேல் அங்க்கெத்தில் ரோட்ரிக்ஸ் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். சங்கத்துக்குச் சட்ட இசைவு அளித்த அரசே வேலைநிறுத்தத்தைக் குற்றமாக நடத்தியது என்பது இங்கே கருதத்தக்கது.

1943 செப்டம்பர் 27 அன்று பெல்வு ஹரேல் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மீது காவல்துறை சுட்டது. கருவுற்றிருந்த அஞ்சலை குப்பன், கிருஷ்ணசாமி முனிசாமி, முனுசாமி முனியன், மருதை பனப்பன் ஆகியோர் உயிரிழந்தனர். அஞ்சலை, குப்பன், முனியன் போன்ற பெயர்கள் உத்திரமேரூர், சாலவாக்கம் வட்டாரம் உள்ளிட்ட வடதமிழகச் சிற்றூர்களில் இன்றும் வழங்குபவை. பெயரை மட்டும் கொண்டு பூர்வீக ஊரைத் தீர்மானிக்க இயலாது. எனினும், தீவின் தொழிலாளர் வரலாறு தமிழக உழவுத் தொழிலாளர் வரலாற்றின் தொடர்ச்சியாகவும் வாசிக்கத்தக்கது என்பதை இப்பெயர்கள் சுட்டுகின்றன.

எழுத்தறிவு என்னும் தகுதி

இவ்வெழுச்சிகளின் பின்னணியில் உருவான புதிய அரசியலமைப்பின்கீழ் 1948 ஆகஸ்டில் தேர்தல் நடந்தது. தீவில் வழங்கிய மொழிகளுள் ஒன்றில் எளிய வாக்கியங்களை எழுதப் படிக்கத் தெரிந்த ஆண், பெண் இருபாலரும் வாக்களிக்கலாம் என விதிக்கப்பட்டது. அம்மொழிகளுள் தமிழும் ஒன்று. வாக்காளர் தொகை ஏறத்தாழ 12 ஆயிரத்திலிருந்து 70 ஆயிரத்துக்கு மேல் உயர்ந்தது. வாசுதேவ் பிசுந்தயாளின் ‘ஜன் ஆந்தோலன்’ இயக்கத் தொண்டர்கள் ஊர்தோறும் எழுத்துக் கற்பித்து மக்களைப் பட்டியலில் சேர்த்தனர். கையெழுத்திடக் கற்பதே இங்கு அரசியற் செயலாயிற்று.

தேர்தலுக்குரிய 19 இடங்களில் பெரும்பாலானவற்றில் இந்திய வம்சாவளியினரும் கிரியோல் சமூகத்தினரும் வென்றனர். ஆனால் ஆளுநர் தம் நியமன உறுப்பினர்களைப் பெரிதும் பழைமைப் போக்கினரிடமிருந்தே தேர்ந்தமையால் அவ்வெற்றி மன்றத்தில் முழுமையாக எதிரொலிக்கவில்லை. எழுத்தறியாத தோட்டத் தொழிலாளர் அப்போதும் வெளியே நின்றனர். 1959 தேர்தலில்தான் வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்தனர். 1968 மார்ச் 12இல் நாடு விடுதலை பெற்றது.

முடிவுரை

உத்திரமேரூரில் உடைமையின் குறையைக் கல்வி ஈடுசெய்தது. 1948இல் மொரீசியசில் எழுத்தறிவு உடைமைக்கு மாற்றானது. இரண்டிலும் உழைப்பு தன்னளவில் தகுதியாகக் கொள்ளப்படவில்லை. முதலாவது ஒரு பிரமதேய சபையின் விதி, இரண்டாவது குடியேற்ற அரசின் சட்டம் என்பதால் இவ்வொப்பீட்டுக்கு எல்லை உண்டு. ஆயினும் ஒரு வேறுபாடு அடிப்படையானது: மொரீசியசில் எல்லை விரிந்தது மேலிருந்து வழங்கப்பட்ட கொடையால் மட்டுமன்று, விலக்கப்பட்டோரின் வேலைநிறுத்தங்களும் உயிரிழப்புகளும் அதைக் கட்டாயமாக்கின. எனவே தேர்தல் முறைகளின் வரலாற்றை எழுதுவோர் விதிகளோடு, அவ்விதிகளுக்கு வெளியே நின்றோரின் போராட்டங்களையும் இணைத்து நோக்குதல் வேண்டும். பெல்வு ஊரில் அஞ்சலையின் பெயர் தாங்கி நிற்கும் விளையாட்டரங்கம் அத்தகைய வாசிப்புக்குரிய ஒரு சான்றாகும்.