மும்மொழிக் கல்

கொழும்பு மாநகரின் கறுவாத் தோட்டப் பகுதியில், பெரும் ஆலமரங்களின் அருகே, வெண்ணிற மாளிகையொன்று நிற்கின்றது. தேசாதிபதி சேர் வில்லியம் கிறெகரியின் முயற்சியால் 1877ஆம் ஆண்டு சனவரி முதலாந் தேதி நிறுவப்பெற்ற நூதனசாலை அதுவே. ஸ்மிதர் வரைந்த திட்டத்தின்படி அதனைக் கட்டியெழுப்பியவர் வாப்பிச்சி மரிக்கார்.

1934இல் இங்கிலாந்திலிருந்து மீண்ட கண்டியரசரின் சிங்காசனமும், பொலன்னறுவைச் சிவாலயங்களின் இடிபாடுகளிற் கண்டெடுக்கப்பட்ட செப்புத் திருமேனிகளும் காண்போரை எளிதிற் கவர்வன. ஆயின், வரலாற்றை நாடுவோர் தேடிச் சென்று காணவேண்டியது ஒரு கற்பலகை. 1911இல் காலி நகரிற் கண்டெடுக்கப்பட்டபோது, அது நீரோடும் மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்தது!

சீனப் பேரரசனின் ஆணைப்படி 1409இல் பொறிக்கப்பெற்று, கடற்றளபதி செங் ஹோவினால் இலங்கைக்குக் கொணரப்பட்ட கல் அது. அதன்கண் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் உள்ளன. சீன வாசகம் புத்தபிரானைப் போற்றுகின்றது. தமிழ் வாசகம் தேனாவரை நாயனாராகிய திருமாலைப் போற்றுகின்றது. தேய்ந்துபோன பாரசீக வாசகம் அல்லாஹ்வைப் போற்றுகின்றது. மூவர்க்கும் பொன், வெள்ளி, பட்டு, வாசனைத் தைலம் முதலிய காணிக்கைகள் ஏறக்குறைய ஒரே அளவினவாய்க் கூறப்பட்டுள்ளன. அந்நாளிற் கடல் வணிகத்தில் தமிழ் பெற்றிருந்த இடத்துக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

எனினும், கல்லின் மொழி வேறு, படையின் வழி வேறு. அதே தளபதியின் படை தென்னிலங்கையில் அதிகாரஞ் செலுத்திய அழகேசுவரனுடன் பொருது, 1411இல் அவனைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டுசென்றது. பேரரசன் பின்னர் அவனை விடுவித்தான். தேனாவரைக் கோயிலோ 1588இல் போர்த்துக்கேயரால் அழிக்கப்பட்டது. போற்றப்பட்ட கோயில் அழிந்தது; போற்றிய கல் எஞ்சியது.

மண்டபத்தைவிட்டு வெளியேறுவோர் எதிரேயுள்ள விகாரமகாதேவிப் பூங்காவில் இளைப்பாறலாம். அணித்தேயுள்ள ஆனந்த குமாரசுவாமி மாவத்தையிற் கலாபவனத்தையும் காணலாம். 1914இல் இந்நூதனசாலையின் செப்புத் திருமேனிகளை ஆராய்ந்து நூல் வெளியிட்ட பேரறிஞரின் பெயரையே அவ்வீதி தாங்கி நிற்பது பொருத்தமானதே. பின்னர்ப் பசியாற உணவுச்சாலைக்குச் சென்றால், ஆங்கே இடியப்பமும், மலாய் மக்கள் தந்த வட்டிலப்பமும், சீனத்து நூடில்சும் அருகருகே பரிமாறப்படும். படையெடுப்புகள் வந்து போயின. கடல்வழி வந்த மக்களின் சுவைகளோ இத்தீவைவிட்டு நீங்கவில்லை.