மொட்டை மாடி ரூம்ல தூக்கம் வரலையா? பெயின்ட் வாங்குறதுக்கு முன்னாடி பீரோவை நகர்த்துங்க!

மே மாத ஞாயிற்றுக்கிழமை. வேலூரிலிருந்து பைக்கை எடுத்தால் சுமார் 25 கிலோமீட்டரில் அமிர்தி. ஜவ்வாது மலை அடிவாரம், மிருகக்காட்சி சாலை, சுற்றிலும் காடு. மரத்தடியில் ஒரு துண்டை விரிச்சுப் படுத்தா பத்து நிமிஷத்துல கண்ணு சொக்கும். அதே ஆள் வீட்டுக்கு வந்து, மாடி ரூம்ல ஃபேனை அஞ்சுல வெச்சுப் படுத்தா, ராத்திரி ஒரு மணி வரைக்கும் புரண்டுகிட்டே கிடப்பார். மறுநாள் காலை ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கணும், இல்லைன்னா காலேஜ் போகணும்.

வேலூர், ஆம்பூர் பக்கம் வாடகை கம்மின்னு மேல்மாடி ரூம் எடுத்த எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும். ரூமை மாத்தணும்னு நினைச்சதும் முதல்ல நம்ம கை போறது வால்பேப்பர், சீரியல் லைட், இன்ஸ்டாவுல பார்த்த பச்சைச் செடிக்குத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். சுவர்ல ஒட்டின ஸ்டிக்கர் ஏப்ரல் சூட்டுல ஒரு ஓரமா உரிஞ்சு தொங்கினப்போதான், பிரச்னை அலங்காரத்துல இல்லைன்னு உறைச்சது.

வெயில் எங்கிருந்து வருது?

நம்ம ஊர்ல ரூமைச் சூடாக்குற முதல் குற்றவாளி கூரை. ஏப்ரல் 24 வாக்குல மதியம் ஒரு குச்சியை நேரா நட்டு வெச்சுப் பாருங்க. ஒரு சில நிமிஷம் நிழலே விழாது. சூரியன் சரியா உச்சந்தலைக்கு மேல நிக்கும். ஆகஸ்ட் 18 வாக்குல மறுபடி ஒருமுறை இப்படி வரும். ஆக, கோடைல வெயிலை நேரா வாங்குறது சுவர் இல்லை, தளம்தான். கான்கிரீட் பகல் முழுக்க அந்தச் சூட்டைக் குடிச்சு வெச்சுக்கிட்டு, சாயங்காலத்துக்கு மேல மெதுவா உள்ளே விடும். வெளியே காற்று ஜில்லுனு ஆன பிறகும் உள்ளே வேகுறது இதனாலதான்.

இரண்டாவது, மேற்குச் சுவர். மே, ஜூன்ல சூரியன் மேற்குலேர்ந்து கொஞ்சம் வடக்கே தள்ளி மறையும். அதனால 'வடக்கு ஜன்னல், வெயிலே வராது'ன்னு சொல்ற புரோக்கரை முழுசா நம்பாதீங்க.

இதை எந்தக் கருவியும் இல்லாம கண்டுபிடிக்கலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு நாலு சுவர்லயும் உள்ளங்கையை வெச்சுப் பாருங்க. எது சுடுதோ, அதை ஒட்டித்தான் பெரும்பாலும் நம்ம கட்டில் இருக்கும்! அடுத்து ஃபேனை நிறுத்திட்டு, ஜன்னல், கதவைத் திறந்து, ஒரு ஊதுபத்தியைப் பிடிச்சுக்கிட்டு ரூமைச் சுத்தி வாங்க. புகை எந்தப் பக்கம் சாயுதோ அதுதான் காற்றோட வழி. என் ரூம்ல புகை ஜன்னல்லேர்ந்து நேரா வந்து பீரோ முதுகுல முட்டி நின்னுச்சு.

பீரோவும் கட்டிலும் இடம் மாறட்டும்

காற்று வர்ற வழியில கட்டில், சுடுற சுவர்ல பீரோ. பாதி வேலை இதோட முடிஞ்சது. துணி அடைச்ச பீரோ ஒரு இரண்டாவது சுவர் மாதிரி சூட்டைத் தடுக்கும். சுவருக்கும் பீரோவுக்கும் நாலு விரல் இடைவெளி விடுங்க. பீரோவைக் கன்னி மூலையில, அதாவது தென்மேற்குல வைக்கணும்னு பாட்டி சொன்னா சண்டை போட வேண்டாம். வாஸ்துல எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனா பிற்பகல் வெயில் படுற மூலைகள்ல அதுவும் ஒண்ணு, கனமான பொருளை அங்கே தள்ளுறது நமக்கு லாபம்தான்.

ஜன்னலுக்குக் கீழே உயரமான எதுவும் வேண்டாம். குட்டை மேஜை, தரையில ஒரு திண்டு, கோரைப்பாய் போதும். காற்றும் வெளிச்சமும் தடையில்லாம வந்தாலே 10-க்கு 10 ரூம் பெருசா தெரியும். ஃபோம் மெத்தை உடம்புச் சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கும். கோடைக்கு மட்டும் அதை ஓரம் கட்டிட்டு இலவம்பஞ்சு மெத்தையோ பாயோ பயன்படுத்திப் பாருங்க.

ஒரே ஜன்னல் இருக்கிற ரூமா? ராத்திரி கதவைத் திறந்து வெச்சு, டேபிள் ஃபேனை ஜன்னலைப் பார்த்து, வெளியே ஊதுற மாதிரி அரை மணி நேரம் ஓட விடுங்க. உள்ளே தேங்கின சூடு போய், கதவு வழியா புதுக் காற்று வரும். காலையில வெயில் ஏறினதும் ஜன்னலைச் சாத்திடுங்க. இது பலருக்குத் தலைகீழா தோணும். ஆனா மதியம் வெளியே 40 டிகிரி கொதிக்கும்போது ஜன்னலைத் திறக்கிறது அனலை உள்ளே கூப்பிடுற வேலை. இன்னொண்ணு, ஃபேன் ரூமைக் குளிர வைக்காது, வியர்வையை உலர்த்தி நம்மளைத்தான் குளிர வைக்கும். ஆள் இல்லாத ரூம்ல அது சுத்துறது கரன்ட் பில்லுக்கு மட்டும்தான்.

திரையை வெளியே போடுங்க

ஜவ்வாது மலையில மலையாளி பழங்குடி மக்களோட பழைய மண் வீடுகளைப் பார்த்திருக்கீங்களா? (பேரைப் பார்த்து கேரளாவோன்னு குழம்ப வேண்டாம்.) புல் வேய்ந்த கூரை சுவரைத் தாண்டி நல்லா கீழே இறங்கியிருக்கும். வெயில் சுவரைத் தொடுறதுக்கு முன்னாடியே நின்னுடும். நம்ம ஜன்னல் திரை வேலை செய்றது இதுக்கு நேர்மாறா. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலைத் தடுத்து என்ன பயன்? அதனால மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியோ பச்சை வலையோ கட்டுங்க. பால்கனி இருந்தா கயிறு கட்டி சங்குப்பூ, கோவைக் கொடியை ஏத்தி விடலாம். ரூமுக்குள்ளே வைக்கிற நாலு தொட்டிச் செடி கண்ணுக்குத்தான் குளிர்ச்சி.

உள்ளூர் மக்கள் கட்டுற முறையிலிருந்து கத்துக்கிட்டதா சொன்ன கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். 1917-ல் பர்மிங்காமில் பிறந்து, 2007-ல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர். ஜன்னலுக்குப் பதிலா செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி அவர் கட்டின ஜாலிச் சுவர்கள் வெயிலை வடிகட்டி, காற்றை மட்டும் விடும். சொந்த வீடு கட்டப் போறவங்க கட்டாயம் பார்க்கணும்.

வெட்டிவேர் தட்டியை நனைச்சு ஜன்னல்ல தொங்க விடுறது சென்னையை விட இங்கே நல்லா பலிக்கும், ஏன்னா நம்ம கோடைக் காற்றுல ஈரம் குறைவு. மொட்டை மாடி முழுக்கத் தண்ணி ஊத்துறதை மட்டும் நான் சிபாரிசு பண்ண மாட்டேன். லாரித் தண்ணிக்குக் காத்திருக்கிற தெருவுல அது நியாயமில்லை.

தளத்துக்கு வெள்ளை

மாடியில தண்ணியை விட வெள்ளை நிறம் நின்னு வேலை செய்யும். சுண்ணாம்போ கூலிங் பெயின்ட்டோ அடிச்சா தளம் வெயிலைத் திருப்பி அனுப்பும். உள்ளே 2 முதல் 5 டிகிரி வரை குறையலாம். இதுக்காகவே தெலங்கானா அரசு 2023-ல் தனிக் கொள்கை கொண்டு வந்தது. சுண்ணாம்பு மழையில கரையும், வருஷா வருஷம் அடிக்கணும். ஆனா செலவு குறைவு. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீடுன்னா அதைச் சுரண்டவோ துளை போடவோ கூடாது, அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆபத்து. ஷீட்டுக்குக் கீழே தெர்மாகோல் ஒட்டுறதும் வேண்டாம், சீக்கிரம் தீப்பிடிக்கும்.

வாடகை வீட்டுல இதுக்கு ஹவுஸ் ஓனர் சம்மதம் வேணும். எங்க ஓனர் முதல்ல 'உனக்கு எதுக்குப்பா இந்த வேலை'ன்னுதான் கேட்டார். பொருள் செலவு என்னோடதுன்னு சொன்னதும் ஏணியை அவரே எடுத்துக் குடுத்தார். கேக்குறதா இருந்தா பிப்ரவரியிலேயே கேளுங்க. மே மாசம் மதியம் அந்தத் தளத்துல கால் வைக்க முடியாது.